ஒரு தட்டுத் தயிர்சாதத்துக்கு ஐந்து கூலி: கப்பல் ரூம் சர்வீஸ் பற்றி ஒரு சந்தேகம்

வேலந்தாவளத்தான் | சனி, இரவு 9:12

சொகுசுக் கப்பலில் போய் வந்தவர்களோ வேலை பார்த்தவர்களோ இங்கே இருந்தால் இந்தக் கணக்கைக் கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்கள். முப்பத்திரண்டு வருடம் கூட்டுறவு வங்கியில் பேரேடு எழுதியவன் நான். கணக்கு உதைத்தால் தூக்கம் வராது.

மகன் சிங்கப்பூரிலிருந்து நான்கு இரவுப் பயணத்துக்கு டிக்கெட் போட்டுக் கொடுத்தான். நான், மனைவி, எண்பத்தொரு வயது அம்மா என மூவரும் போனோம். கம்பெனியின் பெயர் வேண்டாம், பயணம் நன்றாகவே இருந்தது. இரண்டாம் நாள் இரவு பதினொன்றரை மணிக்கு அம்மாவுக்குப் பசி. சாயங்காலம் அத்தனை வகை பரப்பி வைத்திருந்த இடத்தில் ஒரு துண்டு தர்ப்பூசணி மட்டும் தின்றுவிட்டு எழுந்து வந்திருந்தார். "ஒரு பிடி தயிர்சாதம் கிடைக்குமா பார்" என்றார். போன் செய்து கேட்டேன். வெறும் சோறும் ஒரு கிண்ணம் தயிரும் தருவதாகச் சொன்னார்கள். இரண்டும் இலவசமாம்.

அரை மணிக்குள் ஓர் இந்தோனேசியப் பையன் கொண்டுவந்தான். வட்ட மூடி போட்ட தட்டு, மடித்த துணி, உப்பு மிளகுக் குடுவைகள், நான்கு பேருக்குப் போதுமான முள்கரண்டிகள். இத்தனைக்கும் நடுவில் அரைச் சிரட்டைகூட நிறையாத தயிர். கூடவே ஒரு சீட்டு. கொண்டுவந்து தரும் கட்டணம் 6 டாலர். அதன் மேல் சேவைக்கு 18 சதவீதம், அதாவது 1 டாலர் 8 சென்ட். அதற்கும் கீழே 'கூடுதல் டிப்ஸ்' என்று வெறும் கோடு. பையன் பேனாவை நீட்டியபடி நிற்கிறான். கோட்டை வெறுமையாக விட்டுக் கையெழுத்துப் போட மனம் வரவில்லை. 3 என்று எழுதினேன். ஆக 10 டாலர் 8 சென்ட், நம் பணத்தில் 850 ரூபாய்க்கு மேல். நான் கூட்டிப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அம்மா சுருக்குப்பையை அவிழ்த்து ஒரு நூறு ரூபாய் நோட்டை அவன் உள்ளங்கையில் வைத்து மூடிவிட்டார்.

கடைசி நாள் பில்லில் இன்னொன்று. பணியாளர் அன்பளிப்பு என்று ஆளுக்கு நாளொன்றுக்கு 16 டாலர். மூன்று பேருக்கு நான்கு நாள், 192 டாலர்.

கட்டணம், சதவீதம், கோடு, தினசரி அன்பளிப்பு, அம்மாவின் நூறு ரூபாய். ஒரு தட்டுக்கு ஐந்து இடத்தில் கூலி. இதில் எது யாருக்குப் போகிறது? அந்தப் பையனுக்கு என்ன கிடைத்தது? அடுத்த முறை எதை நிறுத்தலாம்?

குமுளி ஏலம் | சனி, இரவு 9:40

அண்ணாச்சி, இதற்கு நம் ஊரில் பெயர் இருக்கிறதே. நோக்குகூலி! லாரியிலிருந்து நாமே சாமான் இறக்கினாலும் பக்கத்தில் நின்று பார்த்த சங்கத்துக்காரருக்குக் காசு கொடுக்க வேண்டியிருந்ததே, அதேதான். கேரள அரசு 2018 மே 1 முதல் அதை ஒழித்துவிட்டதாக அறிவித்தது. கப்பல்காரன் அதையே சீட்டில் அச்சடித்து வாங்குகிறான்.

நான் இரண்டு முறை கப்பலில் போயிருக்கிறேன். இரண்டு முறையும் முதல் நாளே வரவேற்பு மேசைக்குப் போய்த் தினசரி டிப்ஸை நீக்கச் சொல்லிவிட்டேன். பல கம்பெனிகளில் கேட்டால் நீக்குவார்கள், முகம் மட்டும் கொஞ்சம் மாறும். அறையைச் சுத்தம் செய்தவருக்கும் சாப்பாடு பரிமாறியவருக்கும் கையில் ரொக்கமாகக் கொடுத்தேன். யாருக்குக் கொடுக்கிறோம் என்று கண்ணால் பார்த்துக் கொடுப்பதுதான் நியாயம்.

செங்கோட்டைக்காரர் | சனி, இரவு 10:05

நான் டிக்கெட் போட்டுக் கொடுக்கும் தொழிலில் இருப்பவன். இது எல்லாக் கப்பலிலும் ஒரே மாதிரி இல்லை, அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

ஒரு காலத்தில் ரூம் சர்வீஸ் பெரும்பாலான கப்பல்களில் டிக்கெட் விலைக்குள்ளேயே அடக்கம். நார்வீஜியன் என்ற கப்பல் கம்பெனி 2015-ல் ஒரு தடவைக்கு 7.95 டாலர் என்று வைத்தது. ராயல் கரீபியன் கம்பெனி 2017-ல் அதே 7.95-ஐ வைத்து, மேலே 18 சதவீதமும் சேர்த்தது. அப்போது இரண்டிலும் காலைச் சிற்றுண்டிக்கு மட்டும் விலக்கு இருந்தது: காபி, ரொட்டி, பழம் போன்ற எளிய உணவு என்றால் கட்டணம் இல்லை. டிஸ்னி கப்பல்களில் ரூம் சர்வீஸ் சாப்பாட்டுக்குத் தனிக் கட்டணம் இல்லை, சில பாக்கெட் பண்டங்களுக்கு மட்டும் காசு.

தினசரி டிப்ஸ் அவ்வப்போது ஏறுகிறது. ராயல் கரீபியனில் 2024 நவம்பரில் சாதாரண அறைக்கு ஆளுக்கு நாளொன்றுக்கு 18.50 டாலர் ஆனது. நார்வீஜியனில் அப்போது 20 டாலர். பள்ளிக்கூடப் பிள்ளையாக இருந்தாலும் முழுத் தலைக் கணக்குதான். டிக்கெட் போடும்போதே டிப்ஸையும் கட்டிவிட்டால் பிறகு விலை ஏறினாலும் பொதுவாகப் பழைய விலையே நிற்கும். இதைச் சொல்லாமல் விடும் ஏஜென்டுகள் உண்டு, நான் சொல்லிவிடுவேன்.

சித்தூர் டீச்சர் | சனி, இரவு 10:31

ஆந்திரச் சித்தூர் இல்லை, பாலக்காட்டுச் சித்தூர்.

சம்பளத்தை முதலாளி கொடுக்க வேண்டும். அதைப் பயணியின் மனச்சாட்சி மேல் ஏற்றிவிட்டு, நடுராத்திரியில் பேனாவை நீட்டி நிற்க வைப்பது இருவருக்கும் அவமானம். பிரிட்டனின் பி அண்ட் ஓ குரூஸஸ் 2019 மே மாதத்திலிருந்து தினசரி டிப்ஸை எடுத்துவிட்டு டிக்கெட் விலையிலேயே சேர்த்துக்கொண்டது. கப்பல் ஒன்றும் மூழ்கிவிடவில்லை. மற்றவர்கள் ஏன் செய்யவில்லை? விளம்பரத்தில் டிக்கெட் விலை குறைவாகத் தெரிய வேண்டும், அவ்வளவுதான். நகைக்கடையில் கூலி, சேதாரம் என்று பின்னால் ஏறுகிறதே, அந்த வித்தை.

குமுளிக்காரருக்கு ஒன்று. வரவேற்பு மேசையில் டிப்ஸை வெட்டிவிட்டுக் கையில் கொடுத்தேன் என்கிறீர்களே, வெட்டியது எவ்வளவு, கொடுத்தது எவ்வளவு?

குமுளி ஏலம் | சனி, இரவு 10:38

டீச்சர் பரீட்சை வைக்கிறார். வெட்டியதில் பாதிக்குச் சற்று மேலே கொடுத்தேன். பொய் சொல்லவில்லை.

பாறசாலை வக்கீல் | ஞாயிறு, காலை 6:50

சட்டம் என்ன சொல்கிறது என்று யாரும் கேட்கவில்லை. இருந்தாலும் சொல்கிறேன், தொழில் பழக்கம்.

நம் நாட்டு ஓட்டல்களில் பில்லில் சேவைக் கட்டணத்தைத் தானாகச் சேர்க்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலை 4-ல் வழிகாட்டுதல் வெளியிட்டது. வேறு பெயரில் வாங்குவதும் கூடாது. கொடுப்பதும் விடுவதும் வாடிக்கையாளர் விருப்பம். ஓட்டல் சங்கங்கள் வழக்குப் போட்டன. டெல்லி உயர் நீதிமன்றம் 2025 மார்ச் 28-ல் ஆணையத்தின் பக்கம் தீர்ப்பளித்தது. ஆகவே திருவனந்தபுரத்திலோ நாகர்கோவிலிலோ ஓட்டல்காரர் இப்படிச் சேர்த்தால் எடுக்கச் சொல்ல நமக்கு உரிமை உண்டு.

சிங்கப்பூரில் ஏறும் கப்பலில் இது செல்லாது. கப்பல் எந்த நாட்டுக் கொடியைப் பறக்கவிடுகிறதோ பொதுவாக அந்த நாட்டுச் சட்டம்தான் கப்பலுக்குள். பெரிய பயணிகள் கப்பல்கள் பலவற்றில் பஹாமாஸ், பனாமா, பெர்முடா கொடிகளைப் பார்க்கலாம். கம்பெனிகளின் பதிவும் அப்படித்தான்: கார்னிவல் நெடுங்காலம் பனாமாவில் இருந்தது, ராயல் கரீபியன் லைபீரியாவில். அலுவலகம் மயாமியில் இருந்தாலும் அமெரிக்கக் குறைந்தபட்சக் கூலிச் சட்டம் கீழ்த்தளத்துக்கு இறங்காது. இந்தக் கட்டணங்களுக்கெல்லாம் நீங்கள் டிக்கெட்டோடு ஒப்புக்கொண்ட ஒப்பந்தத்தில் இடம் இருக்கும். யார் அதைப் படிக்கிறோம்? நானே படிக்காமல்தான் ஏறினேன்.

வண்டிப்பெரியாறு | ஞாயிறு, காலை 8:15

நான் கப்பலையே பார்த்ததில்லை. ஆனால் நோக்குகூலி என்று சொன்னது எனக்குச் சுருக்கென்று பட்டது.

மண்டலக் காலத்தில் சபரிமலையில் டோலி தூக்குகிறேன். எங்கள் எஸ்டேட் லயத்திலிருந்து நிறையப் பேர் போகிறோம். ஒரு டோலிக்கு நான்கு பேர். பம்பையில் கட்டணப் பலகை உண்டு, அதன்படிதான் சீட்டு. மேலே போய் இறக்கிவிட்டதும் "சாமி, சந்தோஷமாக ஏதாவது" என்று கேட்போம். கேட்கத்தான் செய்வோம், ஒளிக்கவில்லை. சிலர் கொடுப்பார்கள். சிலர் பலகையைக் காட்டுவார்கள். நீலிமலையில் மூச்சு முட்டி ஏறும்போது பின்னால் இருப்பவனின் தோளில்தான் முழுப் பாரமும் இறங்கும். அவன் முகத்தைச் சாமி பார்க்கவே மாட்டார், முன்னால் இருக்கிற எங்கள் இரண்டு பேர் முதுகைத்தான் பார்ப்பார். இறங்கியதும் முன்னால் நிற்பவனுக்கே நோட்டு வரும். நாங்கள் நான்காகப் பிரித்துக்கொள்வோம். பிரிக்காதவனோடு அடுத்த நாள் யாரும் சேர்ந்து தூக்கமாட்டார்கள்.

கப்பலில் தட்டைத் தூக்கிக்கொண்டு வந்தவன் நடந்திருக்கிறான் அல்லவா? அவன் வாங்கியதை நோக்குகூலி என்று சொல்லாதீர்கள்.

கீழ்த்தளம் | ஞாயிறு, பிற்பகல் 2:20

மன்னிக்க வேண்டும், இப்போதுதான் பார்த்தேன். எட்டு வருடம் கப்பலில் இருந்தேன். முதலில் பாத்திரம் கழுவும் பகுதி, பிறகு அறைப் பணி, கடைசி இரண்டு ஒப்பந்தமும் ரூம் சர்வீஸ். இப்போது களியக்காவிளைப் பக்கம் பேக்கரி வைத்திருக்கிறேன். நான் சொல்வது என் கப்பல்களின் கணக்கு. எல்லாக் கம்பெனியிலும் அப்படியே இருக்கும் என்று சொல்லமாட்டேன்.

ஐயா, உங்கள் ஐந்து கூலியை வரிசையாகப் பார்ப்போம்.

6 டாலர் கட்டணம் கம்பெனியின் வருமானம். எங்கள் கைக்கு அதிலிருந்து ஒரு சென்ட்கூட வந்ததில்லை. 18 சதவீதம் ரூம் சர்வீஸ் ஆட்களுக்குள் பங்கானது. கோட்டில் நீங்கள் எழுதிய 3 டாலர் கொண்டுவந்தவன் பெயரில் ஏறி, சம்பளத்தோடு வரும். அம்மா கொடுத்த நூறு ரூபாய் முழுக்க அவனுடையது. தினசரி 16 டாலர் அறைப் பணியாளர், சாப்பாட்டுக்கூடத்தார், கண்ணில் படாத பின்கட்டு ஆட்கள் ஆகியோருக்குப் பொதுவாகப் பிரியும். ரூம் சர்வீஸ் பையன் அந்தப் பங்கில் இல்லை, என் கப்பலில்.

இனிக் கட்டணம் வந்த கதை. இலவசமாக இருந்தபோது ராத்திரி ஒரு மணிக்குப் பாரிலிருந்து திரும்புகிறவர்கள் மூன்று சாண்ட்விச், இரண்டு கேக், சூப் என்று சொல்லிவிட்டுத் தூங்கிவிடுவார்கள். கதவைத் தட்டினால் திறக்கமாட்டார்கள். மூடியைக்கூடத் திறக்காத தட்டை அப்படியே திருப்பிக் கொண்டுபோய்க் குப்பையில் கொட்டியிருக்கிறேன். மூவாயிரம் பேர் இருக்கும் கப்பலில் ராத்திரி நாங்கள் ஐந்து பேர். கப்பல் நீளம் 300 மீட்டருக்கு மேல். முன்கோடியில் ஒருவர் காபி கேட்பார், பின்கோடியில் ஒருவர் ஐஸ் கேட்பார். கட்டணம் வந்ததும் இந்த விளையாட்டு நின்றது. நிம்மதி என்று நினைத்தோம். ஆர்டர் குறைந்ததால் டிப்ஸ் குறைந்தது. அடுத்த ஒப்பந்தத்தில் ஐந்து பேர் மூன்று பேரானோம். மேலும், "அதுதான் கட்டணம் கொடுத்தாயிற்றே" என்று பலர் கோட்டின் மேல் ஒரு குறுக்குக் கோடு போட்டுவிடுவார்கள். அவர்களைக் குறை சொல்லமுடியாது. சீட்டைப் பார்த்தால் அந்த 6 டாலர் எனக்கு வருவதாகத்தான் யாருக்கும் தோன்றும்.

குமுளி அண்ணனுக்கு. கண்ணால் பார்த்தவருக்குக் கொடுத்தேன் என்கிறீர்கள். நான் முதலில் இருந்த இடத்தை நீங்கள் பார்த்திருக்கவே முடியாது. கப்பலின் வயிற்றில் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை ஒரு நீண்ட வழி ஓடும். அமெரிக்க நெடுஞ்சாலையின் பெயரால் அதை ஐ-95 என்போம். சரக்கு, குப்பை, அழுக்குத் துணி, ஆட்கள் எல்லாம் அதில்தான். அதை ஒட்டிய ஓர் அறையில் பத்து மணி நேரம் நின்று, நீங்கள் சாப்பிட்ட தட்டுகளை அடுக்கி இயந்திரத்துக்குள் தள்ளினேன். நீராவியில் விரல் நுனித் தோல் உரிந்து, பாஸ்போர்ட் அலுவலகத்தில் கைரேகை விழாமல் திரும்பி வந்த ஆள் நான். உங்கள் ரொக்கம் அங்கே இறங்காது. பொது அன்பளிப்பு கொஞ்சமாவது இறங்கியது.

இன்னொரு விதியும் இருந்தது. பயணி தினசரி டிப்ஸை நீக்கினால், எந்த அறை நீக்கியது என்று அறைப் பணியாளருக்குத் தெரிந்துவிடும். அந்த அறையில் கையில் வாங்கிய ரொக்கத்தை அவர் பொதுப் பங்கில் ஒப்படைக்க வேண்டும். ஒப்படைத்தவர்களும் உண்டு, பாக்கெட்டில் தள்ளியவர்களும் உண்டு. டோலி அண்ணன் சொன்ன மாதிரிதான். அடுத்த நாள் உதவிக்கு ஆள் வராது.

அம்மாவின் நூறு ரூபாயைப் பற்றி. அந்தப் பையன் அதை மாற்றியிருக்கமாட்டான். என் அலமாரியில் பழைய பிஸ்கட் டப்பா ஒன்று இருந்தது. துருக்கி லிரா, தாய்லாந்து பாட், பிலிப்பைன்ஸ் பெசோ, ஒரு பாட்டி கொடுத்த இத்தாலியப் பழைய நோட்டு, எல்லாம் அதில் கிடக்கும். டாலர் எல்லாம் வீட்டுக்குப் போய்விட்டது. டப்பா இன்னும் பேக்கரி மேசைக்குள் இருக்கிறது. நாணயமாகக் கொடுப்பதை மட்டும் தவிர்த்துவிடுங்கள். எந்தத் துறைமுகத்திலும் மாற்றித் தரமாட்டார்கள், பாரம்தான்.

பாறசாலை வக்கீல் | ஞாயிறு, பிற்பகல் 2:51

பத்து மணி நேரம் என்றீர்கள். கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கை 2006-ல் உருவாகி, 2013 ஆகஸ்டில் நடைமுறைக்கு வந்து, 2015-ல் இந்தியாவும் ஏற்றுக்கொண்டது. ஓய்வு நேரத்தை வைத்துக் கணக்கிடும் கப்பலில் ஏழு நாளில் 77 மணி நேர ஓய்வு கட்டாயம். வாரத்துக்கு 168 மணி நேரம். கழித்துப் பாருங்கள். 91 மணி நேர வேலையைச் சட்டமே தாங்குகிறது.

கீழ்த்தளம் | ஞாயிறு, பிற்பகல் 3:04

தெரியும் சார். எட்டு மாத ஒப்பந்தத்தில் எனக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமைகூட வந்ததில்லை.

தேவிகுளம் மலை | ஞாயிறு, பிற்பகல் 3:30

இடையில் நுழைகிறேன். என் தங்கை மகன் ஹோட்டல் மேனேஜ்மென்ட் முடித்திருக்கிறான். கொச்சியில் ஒரு ஏஜென்ட் கப்பலில் வேலை என்று மூன்று லட்சம் கேட்கிறான். "டிப்ஸிலேயே ஆறு மாதத்தில் எடுத்துவிடலாம்" என்கிறானாம். கொடுக்கலாமா?

கீழ்த்தளம் | ஞாயிறு, பிற்பகல் 3:42

கொடுக்காதீர்கள் அக்கா. வேலை வாங்கித் தருவதற்குக் கப்பல் ஊழியரிடம் காசு வாங்கக் கூடாது என்று வக்கீல் சார் சொன்ன அதே உடன்படிக்கையில் இருக்கிறது. பாஸ்போர்ட், கப்பல் ஊழியர் கையேடான சி.டி.சி., மருத்துவச் சான்றிதழ் போன்றவற்றின் செலவு மட்டும்தான் பையன் தலையில். கப்பல் துறைத் தலைமை இயக்குநரகம் ஆர்.பி.எஸ்.எல். என்ற உரிமம் கொடுத்த ஏஜென்டுகளின் பட்டியல் வைத்திருக்கிறது. அதில் அந்தப் பெயர் இருக்கிறதா என்று முதலில் பார்க்கச் சொல்லுங்கள். டிப்ஸை நம்பிக் கடன் வாங்கியவர்களோடு ஒரே அறையில் படுத்திருக்கிறேன். கட்டிலுக்கு மேலே நாட்காட்டி ஒட்டி வட்டிக் கணக்கு எழுதுவார்கள்.

சித்தூர் டீச்சர் | ஞாயிறு, மாலை 6:10

எல்லாவற்றையும் படித்த பிறகு சொல்கிறேன். குமுளிக்காரர் சொன்ன நோக்குகூலி சரியான சொல்தான். ஆளைத்தான் மாற்றிப் பிடித்துவிட்டார். தட்டைத் தூக்கி நடந்தது பையன். நின்று பார்த்தது கம்பெனி. 6 டாலர் யாருக்குப் போயிற்று?

குமுளி ஏலம் | ஞாயிறு, மாலை 6:25

டீச்சர், அதை ஒப்புக்கொள்கிறேன். வண்டிப்பெரியாற்றுத் தம்பி, உங்களைச் சொல்லவில்லை, தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆனால் தினசரி டிப்ஸை நீக்குவதை நான் விடப்போவதில்லை. கம்பெனி கொடுக்க வேண்டிய சம்பளத்தை நான் ஏன் நிரப்ப வேண்டும்? பாத்திரம் கழுவுகிறவரைப் பற்றிக் கேட்டது மனதை அறுக்கிறது, அது உண்மை. அதற்காகக் கம்பெனிக்கு வசதி செய்து கொடுக்க மனம் வரவில்லை.

வண்டிப்பெரியாறு | ஞாயிறு, இரவு 7:02

கோபமில்லை அண்ணே. சபரிமலைக்கு டோலியில் வந்தால் சொல்லுங்கள், பின்னால் நான் நிற்கிறேன்.

வேலந்தாவளத்தான் | ஞாயிறு, இரவு 8:45

எல்லோருக்கும் நன்றி. பேரேட்டைத் திருத்திவிட்டேன். 6 டாலர் கம்பெனிக்கு, 1.08 பங்குக்கு, 3 பையனுக்கு, நூறு ரூபாய் பிஸ்கட் டப்பாவுக்கு. 192 டாலரில் ஒரு பங்கு பாத்திரம் கழுவுகிறவருக்கு. கணக்கு உதைக்கவில்லை, வயிறுதான் எரிகிறது.

அம்மாவிடம் படித்துக் காட்டினேன். "அந்தப் பையன் அதை மாற்றமாட்டானா? அப்படியானால் டாலர் வாங்கிக் கொடு, அடுத்த தடவை அதையே கொடுக்கிறேன்" என்கிறார். அடுத்த தடவை என்று ஒன்று இருக்கிறதாம்! ஆகவே கீழ்த்தளம் தம்பியிடம் கடைசியாக ஒரு கேள்வி. ராத்திரி தயிர்சாதத்துக்குக் கட்டணம் இல்லாமல் வழி உண்டா?

கீழ்த்தளம் | ஞாயிறு, இரவு 9:15

உண்டு ஐயா. முதல் நாள் சாப்பாட்டுக்கூடத்தில் உங்கள் மேசைக்கு வரும் தலைமைப் பரிமாறுபவரிடம், அம்மாவுக்குத் தினமும் வெறும் சோறும் தயிரும் வேண்டும் என்று சொல்லிவிடுங்கள். மறுநாளிலிருந்து நீங்கள் உட்காரும்போதே மேசையில் இருக்கும். ராத்திரிக்கு வேண்டுமானால் பஃபே மூடுவதற்குள் ஒரு கிண்ணத்தில் எடுத்துக்கொண்டு அறைக்குப் போகலாம். நான் பார்த்தவரை யாரும் தடுக்கமாட்டார்கள். அறையில் குளிர்பெட்டி இருந்தால் உள்ளே வைத்துவிடுங்கள். காலையில் அறைக்கே காபி வேண்டுமென்றால், கதவின் வெளிப்பிடியில் மாட்டும் அட்டை இருக்கும். அதில் குறித்துத் தூங்கப் போவதற்கு முன் மாட்டிவிடுங்கள், நிறையக் கப்பலில் அதற்குக் கட்டணம் கிடையாது. கொண்டுவருகிற பையனுக்கு அம்மா ஒரு டாலர் கொடுத்தால் போதும்.

வேலந்தாவளத்தான் | ஞாயிறு, இரவு 9:22

ஊறுகாய்?

கீழ்த்தளம் | ஞாயிறு, இரவு 9:26

வீட்டில் போட்ட ஊறுகாயைப் பொதுவாக ஏறும்போதே எடுத்துவிடுவார்கள் ஐயா. கடையில் வாங்கி மூடி பிரிக்காத பாட்டிலாக இருக்கட்டும், பெட்டியின் அடியில் வைக்காமல் மேலாக வைத்துக்கொள்ளுங்கள். பரிசோதனைக்காரர் கேட்டால் உடனே எடுத்துக் காட்டலாம்.